மணற்றட்டைத் துறந்த பூனை

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெகிவளை, கல்கிசை ஆகியவற்றைக் கடந்து இரத்மலானை வரை செல்பவர் இருமருங்கிலும் காண்பது பெரும்பாலும் சீமெந்தே. வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் வான் நோக்கி எழுந்து நிற்கின்றன. இரத்மலானையில் தனி வீடுகள் இன்னும் பல உண்டாயினும், அவற்றின் முற்றங்களும் ஓடு பதித்தோ சீமெந்து பூசியோ மூடப்பட்டு வருகின்றன. இவ்வீடுகளுள் எத்தனையோ வீடுகளில் மனிதரோடு ஒரு பூனையும் வாழ்கிறது. அந்தப் பூனைக்கு நாள்தோறும் தோண்டுவதற்குச் சிறிது மண் வேண்டும்.

யாழ்ப்பாணத்து வளவொன்றில் இப்படியொரு தேவை இருப்பதாகவே எவரும் எண்ணியதில்லை. வாழையடியும் வேலியோரமும் பூனைக்குப் போதுமாயிருந்தன. விடியற்காலையில் அது சத்தமின்றி வெளியே செல்லும், குழி தோண்டும், காரியத்தை முடித்து மண்ணால் மூடும், திரும்பிவந்து குசினி வாசலில் அமரும். அது எங்கே சென்றது என்று வீட்டார் கேட்டதுமில்லை, அறிந்ததுமில்லை. 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வை ஒட்டியும் அதன் பின்னரும் வடக்கிலிருந்து கொழும்பை அடைந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியமர்ந்த குடும்பங்கள் பல, மாடி வீட்டில் பூனை வளர்க்கும் வித்தையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. குளியலறை மூலையிலோ பின்விறாந்தையிலோ ஒரு பிளாஸ்ரிக் தட்டு; அதனுள் மணல், மரத்தூள், அல்லது கடைகளில் ‘லிட்டர்’ என்ற ஆங்கிலப் பெயராலேயே விற்கப்படும் களிமண் மணிகள். வேலியோரம் முழுவதும் சுருங்கி இந்த ஒரு தட்டாயிற்று.

பெரும்பாலான பூனைகள் இதனை ஏற்றுக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஒரு குறையுமின்றிக் காலம் செல்கிறது. பின் ஒருநாள் காலையில் கட்டில் விரிப்பு நனைந்திருக்கிறது. மறுநாள் சலவைக்கு வைத்த துணிக்குவியல். அடுத்த நாள், பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. வீடெங்கும் நாற்றம். வீட்டுக்காரி அழாக் குறையாகத் துணி துவைக்கிறாள். “உதைச் சாக்கிலை போட்டுக் கொண்டுபோய் மீன் சந்தையடியிலை விட்டிட்டு வா, தம்பி” என்று மூலையிலிருந்து மூதாட்டியின் குரல் எழுகிறது. அந்தச் சாக்கில்தான் பல பூனைகளின் கதை முடிகிறது. வீட்டில் வளர்ந்த பூனைக்குச் சந்தையில் உணவு தேடவும் தெரியாது. அங்குள்ள பூனைகளோடும் நாய்களோடும் போராடவும் தெரியாது.

சாக்கைத் தேடுமுன் அறிய வேண்டியவை சில உள. அவற்றுள் முதலாவது, பூனையின் நோக்கம் பற்றியது. பூனையை ஐயத்தோடு நோக்குவது தமிழருக்குப் பழக்கமானதொன்று. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்திலே ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் புரிகின்றது. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிட முற்பட்ட ஒரு பூனையைத் தமக்கு உவமையாக்கினார். அங்கே அது பேராசையின் வடிவம். பழமொழிகளிலோ அது கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதென்று எண்ணும் பேதை. கள்ளத் தவசி, பேராசைக்காரன், பேதை என இத்தனை பட்டங்களைச் சூட்டிய பின், கட்டிலை நனைத்த பூனையைக் கண்டவுடன் ‘பழி வாங்குகிறது’ என்று முடிவு கட்டுவதில் வியப்பில்லை. “இரண்டு நாள் விட்டுவிட்டுப் போனோமல்லவா, அந்தக் கோபம்” என்று விளக்கமும் உடனே பிறந்துவிடுகிறது.

உண்மையில் மண்ணில் தோண்டி மூடும் வழக்கத்தை மனிதர் பூனைக்குக் கற்பிக்கவில்லை. வீட்டுப் பூனை வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப் பூனையின் வழிவந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனொருவனின் புதைகுழிக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை அகழ்வாராய்ச்சியாளர் கண்டு 2004 இல் வெளியிட்டனர். அத்தனை நெடிய உறவிலும் இந்த ஒரு வழக்கம் பூனைக்கே உரியதாக இருந்து வந்திருக்கிறது. நான்கு வாரக் குட்டி தளர்நடையிட்டுச் சென்று, கிடைத்த மென்மணலைத் தானாகவே கீறத் தொடங்குகிறது. மனிதர் செய்ததெல்லாம் அதற்கேற்ற இடமொன்றை வைத்ததே. ஆகவே பூனை தட்டை விட்டு விலகுகையில் அது கட்டளை மீறியதாகாது. இரண்டிலொன்று நிகழ்ந்திருக்க வேண்டும்: அதன் உடலில் ஏதோ கெட்டிருக்கிறது, அல்லது அந்த இடத்தில் ஏதோ கெட்டிருக்கிறது. கட்டிலையும் துணிக்குவியலையும் அது நாடுவது, அவை மென்மையாகவும் ஈரத்தை உறிஞ்சுவனவாகவும் இருப்பதனால். வீட்டாரின் வாசனை உள்ள இடம் அதற்குப் பாதுகாப்பான இடமாகத் தோன்றுவதும் கூடும். அங்கே வன்மம் எதுவும் இல்லை.

உடலைப் பற்றிய ஆராய்ச்சியே முதலில் வர வேண்டும். அதிலும் ஒரு வினா ஏனைய எல்லாவற்றுக்கும் முந்தியது. பூனைக்குச் சிறுநீர் வெளிவருகின்றதா?

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நீண்டது. நுனியை நெருங்க நெருங்க மிக ஒடுங்கியது. சிறுநீரில் தோன்றும் நுண்பளிங்குகளும் சளி போன்ற பசையும் சேர்ந்து கட்டியாகி அவ்வொடுக்கத்தை அடைத்துவிடலாம், வீக்கத்தினாலும் அடைபடலாம். அப்போது பூனை அடிக்கடி தட்டுக்குச் செல்லும், குந்தியிருந்து முக்கும், ஒன்றும் வராது, அல்லது இரத்தம் கலந்த சில துளிகள் வரும். தட்டில் வலி கண்டதனால் வேறிடம் தேடும்: குளியலறைத் தரை, கழுவும் தொட்டி, கட்டில். சிறுநீர்த் துவாரத்தை ஓயாது நக்கும். சில வேளை ஓலமிடும். இதனைக் கண்டவர் பலர் மலச்சிக்கல் என்றெண்ணி எண்ணெய் கொடுப்பதுண்டு. அப்படிக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பூனையின் ஆயுளிலிருந்து கழிகிறது. வெளியேற வேண்டிய நச்சுப்பொருள்கள் குருதியில் ஏறுகின்றன. பொட்டாசியத்தின் அளவு உயர்ந்து இதயத்தின் துடிப்பைக் குலைக்கிறது. பூனை உணவை வெறுக்கும், வாந்தியெடுக்கும், பின்னர் ஓய்ந்து ஓரிடத்தில் கிடக்கும். ஓலம் நின்றதைக் கண்டு நோய் தணிந்தது என வீட்டார் ஆறுதல் கொள்வதும் உண்டு. உண்மையில் அதுவே மிகக் கொடிய கட்டம். முழுவதும் அடைபட்ட பூனை சிகிச்சையின்றி இரண்டு மூன்று நாள்களில் இறந்துவிடும்.

எனவே ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராதிருப்பின் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதற்கு இடமில்லை. இரவாயினும் மிருக வைத்தியரைத் தேட வேண்டும். அவர் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவார். நாளம் வழியே சேலைன் ஏற்றுவார். உரிய காலத்தில் சென்றால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடும். வீட்டிலேயே வயிற்றை அழுத்தி வெளியேற்ற முயல்வது பெருந்தவறு. நிரம்பிய சிறுநீர்ப்பை வெடித்துவிடக்கூடும். சாக்கில் கட்டிச் சந்தைக்கு அனுப்பப்படும் பூனைகளுள் எத்தனை இவ்வாறு அடைபட்டு, வலியின் காரணமாகவே கட்டிலை நனைத்தவை என்பதை யார் அறிவார்?

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்றும் கூறியாக வேண்டும். பூனைக்கு வலி என்றறிந்த இரக்கமுள்ள நெஞ்சு, அலுமாரியிலுள்ள பரசிற்றமோல் குளிசையை நாடும். மனிதருக்குக் காய்ச்சலும் தலையிடியும் போக்கும் அக்குளிசை பூனைக்கு நஞ்சு. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மருந்து குருதியின் நிறத்தைக் கபில நிறமாக்கி, உயிர்வளியைச் சுமக்கும் திறனை அழித்துவிடுகிறது. ஒரு முழுக் குளிசை ஒரு பூனையைக் கொல்லக்கூடும். அதனிலும் குறைந்த அளவே கடுந்தீங்கு செய்யும்.

அடைப்பு இல்லையென்று உறுதியான பின்னரும் வைத்தியரிடம் செல்வது வீணன்று. முதிய பூனையாயின் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். அது மிகுதியாக நீர் பருகும், மிகுதியாகக் கழிக்கும், தட்டு அதற்குள் நனைந்து போய்விடும். வயது ஏறிய பூனைகளிடம் கிருமித் தொற்றும் காணப்படும். இளம் பூனைகளிலோ நிலைமை விநோதமானது. சிறுநீரில் இரத்தம் இருக்கும், வலி இருக்கும். ஆனால் பரிசோதித்தால் பெரும்பாலும் கிருமியும் இராது, கல்லும் இராது. சிறுநீர்ப்பை காரணம் தெரியாமல் அழன்று புண்பட்டிருக்கும். பல பூனைகளில் இது ஒரு வாரத்தினுள் தானே தணிகிறது, சில மாதங்களின் பின் திரும்பவும் வருகிறது. கிருமி இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லி மருந்து என்ன செய்யும்? மருந்து கொடுத்த வாரத்தில் நோய் தானாகவே தணிந்துவிட, மருந்துக்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது.

இந்நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியப் பேராசிரியர் டோனி பஃபிங்டன். அவரும் அவர்தம் குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்று பூனை வளர்ப்போர் அனைவரும் அறியத்தக்கது. இத்தகைய நோயுள்ள 20 பூனைகளையும் நலமான 12 பூனைகளையும் அவர்கள் 77 வாரங்கள் தொடர்ந்து கவனித்தனர். உணவு வரும் நேரம் மாறுதல், பராமரிப்பவர் மாறுதல் முதலிய வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சிகள் நேர்ந்த வாரங்களில், நோயுள்ள பூனைகள் மட்டுமல்ல, நலமான பூனைகளும் குறைவாக உண்டன. தட்டுக்கு வெளியேயும் கழித்தன. நோயில்லாத பூனையும் தன் நாளின் ஒழுங்கு குலைந்த மாத்திரத்தில் தட்டை விட்டு விலகிற்று. இதற்கு முன்னர், 2006 இல், வீட்டினுள் வளர்க்கப்பட்ட 46 நோயுள்ள பூனைகளின் சூழலைத் திருத்தியமைத்து, அந்நோயின் அறிகுறிகள் குறைந்தமையையும் அக்குழுவினர் கண்டறிந்திருந்தனர். மருந்தைவிட வீடு பெரிது என்பதை வைத்தியரே எடுத்துரைத்தமை குறிப்பிடத்தக்கது.

வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சி என்றால் இரத்மலானை வீடொன்றில் என்னவாயிருக்கும்? விமான நிலையம் அங்கே 1935 இலிருந்து இருக்கிறது; புகையிரதமும் கடலோரமாக ஓடிக்கொண்டேயிருக்கிறது. அங்கே பிறந்த பூனைக்கு இவ்வொலிகள் பழகியவை. பழகாதவையே அதனை உலுக்குகின்றன. அடுத்த வளவில் புதிய மாடி எழுந்து சீமெந்து கலக்கும் இயந்திரம் காலை முதல் உறுமுகிறது. சித்திரைப் புத்தாண்டில் பட்டாசு வெடிக்கிறது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் வந்து ஒரு மாதம் தங்குகின்றனர். பூனை உறங்கும் அறை விருந்தினர் அறையாகிவிடுகிறது. வீட்டுக்குச் சாயம் பூசுகின்றனர், குழந்தை பிறக்கிறது, மடியில் வைத்து மீன்முள் நீக்கிக் கொடுத்த பாட்டி காலமாகிறார். மனிதருக்கு இவற்றுள் சில மகிழ்ச்சி, சில துக்கம். பூனைக்கு எல்லாமே அச்சந்தான்.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. உணவு வழக்கமான நேரத்தில் வழக்கமான கையால் வரட்டும். யாரும் தொடாத ஒளிவிடம் ஒன்று வேண்டும். வெறும் காகித அட்டைப்பெட்டியே போதும். உயர ஏறி அமரச் சன்னலோரத்தில் ஓரிடம் வேண்டும். நீர் மிகுதியாக உட்செல்ல வேண்டும் என்பது இன்னும் முக்கியம். பாலைநிலத்து மூதாதையரின் வழிவந்த பூனை இயல்பாகவே குறைவாகப் பருகுவது. கடையில் விற்கும் உலர்ந்த உணவில் நீர் பத்தில் ஒரு பங்களவே. அவித்த மீனில் ஏறக்குறைய முக்காற்பங்கு. உலர் உணவே கொடுப்பவர் அதனோடு சிறிது வெந்நீர் கலந்து குழைத்துக் கொடுக்கலாம். உப்பும் உறைப்பும் சேர்ந்த குழம்பு மீன் கூடாது.

இனி, தட்டு. அதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வேர்ட் லோ என்னும் இளைஞர் தம் தந்தையாரோடு மரத்தூள், உலர்த்திய களிமண் முதலிய உறிஞ்சு பொருள்களைத் தொழிற்சாலைகளுக்கு விற்றுவந்தார். 1947 ஆம் ஆண்டு சனவரியில், மணல் குளிரில் உறைந்து போனதால் அயலவரான பெண்மணியொருவர் தம் பூனைக்கென வேறேதும் உண்டா என்று வந்து கேட்டார். லோ ஒரு பை களிமண் மணிகளைக் கொடுத்தார். அப்பெண்மணி பிறகு அதனைத் தவிர வேறெதனையும் நாடவில்லை. இவ்வாறு பிறந்தது உலகெங்கும் பரந்த ஒரு வணிகம். ஈரம் பட்டவுடன் உருண்டையாகத் திரளும் களிமண் 1980களில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் அங்கும் மணலும் சாம்பலுமே வழங்கின.

மரத்தூள் வியாபாரி களிமண்ணுக்கு மாறிய கதை அது. இலங்கையிலோ பல வீடுகள் களிமண்ணிலிருந்து மரத்தூளுக்கு மாற நேர்ந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. இரத்மலானைக்குத் தெற்கே தொட்டடுத்திருப்பது மொறட்டுவை; தச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே மரத்தூளுக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் மாலையில் களிமண்ணைக் கொட்டிவிட்டு மரத்தூளை நிரப்பினால், மறுநாட் காலையில் கட்டில் நனைந்திருப்பதில் வியப்பென்ன? பூனை தன் மண்ணைப் பாதத்தால் அறிகிறது. நேற்றுவரை இருந்த தரை இன்று இல்லையென்றால் அதற்கு அது வேறிடம். மாற்றவே வேண்டுமாயின் நாளுக்கு ஒரு பிடியாகப் பழையதோடு புதியதைக் கலந்து, இரண்டு வாரங்களில் மெதுவாக மாற்றுவதே முறை. வசதியுள்ளவர் பழைய மண்ணோடு ஒரு தட்டும் புதிய தூளோடு ஒரு தட்டுமாக அருகருகே வைத்துப் பூனையையே தெரிவு செய்ய விடலாம். மெருகெண்ணெய் படிந்த தூளும், பூச்சி அரிக்காதிருக்க மருந்தூட்டிய மரத்தின் தூளும் ஆகா. பெரும்பாலான பூனைகள் விரும்புவது மணலைப் போன்ற நுண்மணிகளையே. வாசனையூட்டிய வகையை அவை வெறுக்கின்றன. அந்த வாசனை மனித மூக்குக்காகச் சேர்க்கப்பட்டது. வாங்குபவர் மனிதர்தாமே.

தட்டின் அளவிலும் பலர் தவறுகின்றனர். குட்டிக்கு வாங்கிய தட்டிலேயே நான்கு வயதுப் பூனை நின்று திரும்ப முடியாமல் தவிக்கும். பூனையின் மூக்கிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தின் ஒன்றரை மடங்கு வேண்டும். கடையிலுள்ள சிறு தட்டைவிடத் துணி ஊறவைக்கும் அகன்ற பேசின் உகந்தது. இரண்டு மூன்று அங்குல ஆழம் மண் போதும். நாள்தோறும் காலையும் மாலையும் அள்ள வேண்டும். மனிதர் தாமே அழுக்கடைந்த மலசலகூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவர். பூனையின் மோப்பமோ மனிதருடையதை விடப் பன்மடங்கு கூர்மையானது. தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் பின்விறாந்தைத் தட்டுச் சாரலில் நனைந்து சேறாகிக் கிடப்பதைக் கவனியாமல், பூனையைக் குறைகூறும் வீடுகளும் உண்டு.

இடத்துக்கும் இலக்கணம் உண்டு. உணவுக் கோப்பைக்கு அருகில் ஆகாது. சலவை இயந்திரம் திடீரென்று அதிரும் மூலையும் ஆகாது. நாயோ மற்றொரு பூனையோ வாசலில் காத்திருந்து மடக்கக்கூடிய ஒருவழி அறையும் ஆகாது. பூனைகளின் தொகைக்கு மேலும் ஒரு தட்டு என்பது வைத்தியர் கூறும் கணக்கு. மூன்று பூனைக்கு நான்கு தட்டு என்றால் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் மனிதர் எங்கே நிற்பது என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நியாயமான நகைப்பே. ஆயினும் அக்கணக்கு வழங்கும் உண்மை எளிது: ஒரு பூனை மற்றதைத் தட்டை அண்டவிடாமல் தடுப்பதை வீட்டார் கவனிப்பதில்லை. சண்டை என்று ஒன்றும் நடவாது. வழியில் படுத்திருந்து பார்ப்பதே போதும். இரண்டு தட்டுகளேயாயினும் அவை இரண்டு வெவ்வேறு இடங்களில் இருத்தல் வேண்டும்.

குந்தியிருந்து கழிப்பது வேறு. நின்றபடி, வால் நிமிர்ந்து நடுங்க, சுவரிலோ கதவிலோ சிறிதளவு பீய்ச்சுவது வேறு. பின்னையது எல்லைக் குறி. சன்னலுக்கு வெளியே தெருப்பூனை ஒன்று வந்து நின்றாலும் இது தொடங்கும். இதற்குத் தட்டை மாற்றிப் பயனில்லை. ஆண் பூனைக்கு விதைநீக்கம் செய்வித்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பூனைகள் இவ்வழக்கத்தை விட்டுவிடும் அல்லது பெரிதும் குறைக்கும். எஞ்சியவற்றுக்குச் சன்னலின் கீழ்ப்பாதியை மறைப்பது உதவும்.

நனைந்த இடத்தைக் கழுவுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடையில் வாங்கும் அமோனியா கலந்த திரவத்தால் கழுவினால், அது சிறுநீரின் நாற்றத்தையே நினைவூட்டி அடுத்த முறையும் பூனையை அங்கே அழைக்கும். வெளிற்றும் குளோரின் திரவத்தைச் சிறுநீரின் மேல் நேரே ஊற்றினால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். வெண்மையாகக் கலங்கும் பீனைல் வகைக் கிருமிநாசினிகள், பரசிற்றமோலைப் போலவே, பூனையின் ஈரல் முறிக்க இயலாதவை. பூனை பாதத்தை நக்கும்போது அவை உட்சென்றுவிடும். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுத்து, சவர்க்கார நீரால் பலமுறை கழுவி, வெயிலில் உலர்த்துவது நன்று. இயன்றவர் நொதியம் கலந்த கழுவுநீரைப் பயன்படுத்தலாம். சிறுநீரின் எச்சத்தை அதுவே முற்றாக அழிக்கும். தேசிக்காய்த் தோல் தேய்ப்பது மனிதர் மனத்துக்கு ஆறுதல் தரும், அவ்வளவே.

மூக்கைப் பிடித்து நனைந்த இடத்தில் தேய்த்து அடிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பூனை அதிலிருந்து கற்பது, அந்த மனிதர் அருகில் இருக்கையில் கழிக்கலாகாது என்பதையே. பின்னர் அது அலுமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்குக் கீழும் ஒளிந்து கழிக்கும். நோய் இருந்தால் அச்சமும் சேர்ந்து நோயை வளர்க்கும். அதற்கு மாறாக, உடல்நலம் உறுதியான பின், சிறிய அறையொன்றில் சில நாள்கள் பூனையை வைத்து, ஒரு மூலையில் உணவும் நீரும் படுக்கையும், எதிர்மூலையில் சுத்தமான தட்டும் வைத்துவிட வேண்டும். நாள்தோறும் சென்று அதனோடு சிறிது நேரம் இருக்கவும் வேண்டும். இரண்டு வாரம் தவறாமல் தட்டைப் பயன்படுத்தினால் அடுத்த அறையைத் திறந்துவிடலாம். பின்னர் வீடு முழுவதையும். அவசரப்படுவோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

பூனையை வீட்டை விட்டு அகற்ற மற்றொரு காரணமும் அடிக்கடி சொல்லப்படுகிறது. மகளோ மருமகளோ கருவுற்றதும், பூனையின் மலத்தால் கருவுக்குக் கேடு வரும் என்று அஞ்சிப் பூனையை அனுப்பிவிடுகின்றனர். அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. தொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் சில பூனைகளின் மலத்தில் வெளிப்படும். கருவுற்ற தாய்க்கு அது முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கக்கூடும். ஆயினும் மலத்தில் வெளிவந்த அந்நுண்ணுயிர் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் செல்லும். நாள்தோறும் தட்டைத் தூய்மை செய்துவிட்டால் ஆபத்துப் பெரிதும் நீங்கிவிடுகிறது. அவ்வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வீட்டில் மற்றொருவர் செய்ய வேண்டும். நன்கு வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் காய்கறியும் அந்நோயைப் பரப்பும் வழிகளே. அவற்றைப் பற்றி அத்தனை கவலை எவரும் கொள்வதில்லை. கணவன்மார் சிலர் இவ்வொன்பது மாதங்களில்தான் மணற்றட்டு எங்கே இருக்கிறதென்று முதன்முறையாக அறிந்துகொள்கின்றனர்.

முதுமை எய்திய பூனையின் நிலை தனியானது. பன்னிரண்டு, பதினான்கு வயதான பூனைக்கு மூட்டுகளில் வாதம் கண்டிருக்கும். அது நொண்டாது, முனகாது, முன்போல அலுமாரி மேல் ஏறாது, அவ்வளவே. வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவர். அரையடி உயரமான தட்டின் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பது அதற்கு வலிக்கும். ஆகவே தட்டுக்கு வெளியே, விளிம்புக்கு ஒரு சாண் இப்பால், தரையிலேயே கழித்துவிடும். தட்டு வரை வந்துவிட்டு உள்ளே இறங்க இயலாமல் நின்ற இடம் அது. மாடி வீடாயின் பூனை உறங்கும் தளத்திலேயே தட்டு இருக்க வேண்டும். பிளாஸ்ரிக் பேசினின் ஒரு பக்கத்தை வெப்பமேற்றிய கத்தியால் இரண்டங்குல உயரம் எஞ்சும்படி வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்து, முன்னால் ஒரு பழைய சாக்கை மடித்து விரித்து வைத்தால், அந்த முதிய பூனை மறுநாளே உள்ளே இறங்கித் தன் மண்ணைக் கீறத் தொடங்கிவிடும்.